நீல விளக்குப் பெட்டியை நம்பலாமா?

கேள்வி: வீட்டு முன்னறையில் சின்னதாக அழகு நிலையம் நடத்துகிறேன். ஒவ்வொருவருக்கும் செய்து முடித்ததும் கருவிகளை ஸ்பிரிட் பஞ்சால் துடைத்து, யூவி (புற ஊதா ஒளி) பெட்டியில் அரை மணி நேரம் வைப்பேன். புதிதாக வந்த ஒரு பெண், "இதில் கிருமி சாகாதே" என்று சொல்லிவிட்டார். சரியா?
– ஒரு வாசகி

பதில்: அவர் சொன்னது சரிதான், கோபித்துக்கொள்ளாதீர்கள். அழகுக்கலை வகுப்பு எடுக்கும் எனக்கும் அந்தப் பெட்டிக்கும் ரொம்ப நாள் வழக்கு. வெளிச்சம் நேரே படுகிற இடத்தில்தான் அது வேலை செய்யும். சுத்தமான கருவியை மூடி வைக்க நல்ல அலமாரி, அவ்வளவுதான்.

நகத்தோரத் தோலை வெட்டும் உங்கள் க்யூட்டிக்கிள் கட்டரை விரித்து, அதன் இரண்டு பிடிகளும் சேரும் மூட்டைப் பாருங்கள். நகத்தூளும் தோலும் சாம்பல் நிறத்தில் அப்பியிருக்கும். அதற்கடியில் ஒளியும் போகாது, மருந்தும் போகாது. துடைத்த ஸ்பிரிட்டோ நொடியில் காய்ந்துவிடும். கல்லீரலைத் தாக்கும் ஹெபடைடிஸ் பி வைரஸ் உடலுக்கு வெளியே 7 நாளாவது தாக்குப்பிடிக்கும். அது தொற்ற, கண்ணுக்கே தெரியாத ரத்தத் துளி போதும்.

அதனால் முதலில் சோப்புத் தண்ணீர். கருவியை விரித்தபடியே பழைய பல்துலக்கியால் மூட்டைத் தேய்த்து, அலசி, ஈரம் போகத் துடையுங்கள். ஈரத்தோடு போட்டால் மருந்து நீர்த்துவிடும். அப்புறம் கிருமிநாசினியில் முழுதாக மூழ்கட்டும். எவ்வளவு நேரம் என்று பாட்டிலிலேயே போட்டிருக்கும், பெரும்பாலும் 10 நிமிடம். கலங்கினால் கொட்டிவிட்டுப் புதிதாகக் கலக்குங்கள். பிளீச் என்றால் தினமும் புதிதாக. அதுவும் இரும்பை அரித்துவிடும் என்பதால் தரைக்கும் மேசைக்கும் வைத்துக்கொள்வது நல்லது. வசதி வந்தால், அழுத்த நீராவியில் கிருமியைக் கொல்லும் ஆட்டோகிளேவ் வாங்குங்கள்.

மரக்குச்சி, நகம் தேய்க்கும் அட்டை அரம் இவற்றைக் கழுவிப் பயனில்லை. ஒருவருக்கு ஒன்று, பிறகு குப்பை. முடி நீக்கும் மெழுகில் தொட்ட குச்சியை மறுபடி மெழுகில் விடாதீர்கள்.

நீங்கள் கேட்காத ஒன்று, கால் ஊறவைக்கும் தொட்டி. 2000-ல் கலிஃபோர்னியாவில் ஒரே நக நிலையத்துக்குப் போன நூறு பேருக்கும் மேல் காலில் கட்டி வந்தது. தேடியதில், தண்ணீரைச் சுழலவிடும் சுழல்தொட்டியின் சல்லடைக்குப் பின்னால் முடியும் தோலும் சேர்ந்த அழுக்கில் கிருமி குடியிருந்தது. உங்களுடையது சுழல்தொட்டி என்றால் சல்லடையைக் கழற்றித் தேயுங்கள். சாதாரணப் பேசின் என்றால் வேலை பாதி. அந்தக் கலிஃபோர்னியா நிலையத்துக்குக் கால்முடியை மழித்துவிட்டு வந்தவர்களுக்குத்தான் பாதிப்பு அதிகம். அப்படி வருபவரைச் சில நாள் கழித்து வரச் சொல்லிவிடுங்கள். முகம் சுளித்தாலும் பரவாயில்லை.