'குட்' எங்கிருந்து வந்தது? கேள்வி பதில்

கேள்வி: ஐயா, ஆங்கிலத்தில் கடவுளைக் குறிக்கும் 'காட்' என்ற சொல்லிலிருந்துதான் நல்லது என்று பொருள்படும் 'குட்' வந்தது என்று பள்ளியில் படித்தேன். சரிதானா?

பதில்: இல்லை தம்பி. பலரும் நம்புகிற செய்திதான், ஆனால் இரண்டுக்கும் வேர் வேறு. ஆயிரம் ஆண்டுகளுக்கு முந்தைய பழைய ஆங்கிலத்தில் இரண்டையும் ஒரே மூன்று எழுத்தில் எழுதினார்கள். குழப்பத்துக்கு அதுவும் ஒரு காரணம். ஆனால் வாயால் சொல்லும்போது கடவுள் 'கொட்', நல்லது 'கோட்'. நமக்குக் கொடு வேறு, கோடு வேறு அல்லவா? அப்படித்தான் அவர்களுக்கும் குறில் நெடிலில் பொருள் மாறியது.

கேள்வி: அப்படியானால் அதன் ஆதிப்பொருள் என்ன?

பதில்: எனக்கு மிகவும் பிடித்த கேள்வி இது. ஜெர்மன், டச்சு, ஸ்வீடிஷ் என்று ஜெர்மானிய மொழிகள் பலவற்றிலும் இந்தச் சொல் இருக்கிறது. இன்னும் பின்னால் போனால் 'ஒன்றுசேர், பொருந்து' என்ற பொருள் கொண்ட இந்தோ-ஐரோப்பிய வேரில் (ஐரோப்பிய மொழிகள் பலவற்றுக்கும் மூலமான பழைய மொழியின் வேரில்) முடிகிறது என்பது அறிஞர்கள் பொதுவாக ஏற்கும் கருத்து. ஒன்றுதிரட்டு என்னும் 'கேதர்', சேர்ந்து என்னும் 'டுகெதர்' இரண்டும் இதற்கு உறவு. ஆக, முதலில் 'குட்' என்றால் தான் செய்ய வேண்டியதற்குப் பொருத்தமானது, தகுதியானது.

பழைய ஆங்கிலக் காவியமான பேயோவுல்ஃபின் தொடக்கத்தைப் பாருங்கள். ஸ்கில்ட் என்ற அரசன் எதிரிகளை நடுங்க வைக்கிறான். கடலுக்கு அப்பால் உள்ளவர்களும் பணிந்து கப்பம் கட்டுகிறார்கள். உடனே புலவர் சொல்கிறார்: அவன் 'குட்' அரசன். இரக்கம், அன்பு பற்றி அங்கே பேச்சே இல்லை. அரசனுக்கு உரிய வேலையைத் திறமையாகச் செய்தான், அதற்குத்தான் அந்தப் பாராட்டு. இன்றும் 'குட் டாக்டர்' என்று சொல்லும்போது முதலில் நினைப்பது அவர் கைராசியைத்தானே, குணத்தை அப்புறம்தான்.

கேள்வி: இயேசு இறந்த நாள் எப்படிக் 'குட் ஃப்ரைடே' ஆனது? துக்க நாள் அல்லவா?

பதில்: கடவுளுக்கு உரியது, புனிதமானது என்ற பொருளும் 'குட்'டுக்கு ஒரு காலத்தில் இருந்தது. 'புனித வெள்ளி' என்று தமிழில் சொல்வது அந்தப் பொருளோடு அப்படியே ஒத்துப்போகிறது.

கேள்வி: 'குட்பை'யில் இருப்பதும் இதே 'குட்'தானா அண்ணா?

பதில்: அங்கே முதலில் இருந்தது கடவுள். 'கடவுள் உங்களோடு இருப்பாராக' என்ற வாழ்த்து சுருங்கிச் சுருங்கி 16-ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஒரே சொல்லானது. 'குட் டே' மாதிரியான வாழ்த்துகளைக் கேட்டுப் பழகிய காதுக்கு 'காட்' என்பது 'குட்' ஆகிவிட்டது.

'காஸ்பெல்' இதற்கு நேர் எதிர். அது 'நற்செய்தி' என்ற பொருளில்தான் உருவானது, கிரேக்கச் சொல்லின் மொழிபெயர்ப்பு. முன்பாதியின் நெடில் குறிலானதும், கடவுளைப் பற்றிய செய்தி என்று மக்கள் புரிந்துகொண்டார்கள்.

கேள்வி: ஃபூட், குட், ப்ளட். மூன்றிலும் இரண்டு 'ஓ' இருந்தும் உச்சரிப்பு ஏன் மூன்று விதம்? பிள்ளைகளுக்குச் சொல்லித்தர முடியவில்லை.

பதில்: மூன்றிலும் முதலில் இருந்தது 'ஓ' என்ற நெடில்தான். 15-ஆம் நூற்றாண்டு வாக்கில் அது 'ஊ' ஆனது. ஃபூட் அங்கேயே நின்றுவிட்டது. ப்ளட் சீக்கிரமே குறுகி, பிறகு 'அ' பக்கம் போனது. குட் தாமதமாகக் குறுகியதால் 'உ'வோடு தங்கிவிட்டது. எழுத்து மட்டும் பழையபடியே இருக்கிறது.

கேள்வி: 'குட்டர்', 'குட்டஸ்ட்' ஏன் இல்லை?

பதில்: 'பெட்டர்', 'பெஸ்ட்' இரண்டும் வேறொரு வேரிலிருந்து வந்தவை. அந்த வேருக்குரிய சாதாரண அடைமொழி ஜெர்மானிய மொழிகளில் இல்லை. அந்த இடத்தில் 'குட்' வந்து உட்கார்ந்துகொண்டது. லத்தீனில் இன்னும் கஷ்டம்: போனுஸ், மெலியோர், ஓப்டிமுஸ் என்று மூன்றுக்கும் மூன்று வேர்.