கேரக்டர் எழுதறப்ப அம்மா அப்பாவைக் கொன்னுடாதீங்க: கேள்வி பதில்

கடலூர்ல ஞாயித்துக்கிழமை டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் ஆடற எங்க குழுவுல ஆட்டம் நடத்தறது நான். ஆளாளுக்கு ஒரு கேரக்டரை எழுதி, அந்த ஆளாவே பேசி, பகடை உருட்டிக் கதையை நகர்த்தற ஆட்டம் இது. நடத்தறவங்க கதை சொல்லி, மத்த பாத்திரங்களாப் பேசுவாங்க. புதுசா கேரக்டர் எழுதறவங்க கேட்டதுக்கு, அவங்கவங்க ஊர்ப் பேரைப் போட்டு இங்க பதில் சொல்றேன்.

முதுநகர்: அக்கா, என் எல்ஃபுக்கு 120 வயசு. டிராகன் ஊரையே எரிச்சிடுச்சு, சொந்தம்னு யாருமில்ல. சரியா?

வயசு சரி தம்பி. எல்ஃப்ங்கறது இந்த ஆட்டத்துல வர்ற, மனுஷ உருவத்துல இருக்கற கற்பனை இனம். அவங்க நூறு வயசு வாக்குலதான் பெரியவங்க ஆவாங்க, எழுநூறு தாண்டியும் வாழ்வாங்க. ஆனா குடும்பத்தையே எரிச்சிட்டா, எதைப் பிடிச்சு உன்னைக் கதைக்குள்ள இழுப்பேன்? ஒருத்தன் தன் குள்ளன் கேரக்டருக்குக் கடன் கொடுத்த அத்தையை வெச்சான். மூணு மாச ஆட்டமும் அந்தக் கடனைச் சுத்தியே போச்சு. கடைசி நாள், பொற்காசுக்குப் பதிலா வெச்சிருந்த புளியங்கொட்டையை ஒவ்வொண்ணா எண்ணி அத்தை முன்னாடி வெச்சான். நாப்பது கொட்டை. எண்ணி முடிக்கிற வரைக்கும் யாரும் வாயே திறக்கல.

முத்தியால்பேட்டை: என் எல்ஃப் கருப்பு. எல்ஃப்னா வெள்ளைதான்னு சண்டைக்கு வர்றாங்க.

இந்த ஆட்டத்தோட 2014 விதிநூல்லயே இருக்கு: எல்ஃபுங்களுக்கு மனுஷங்களுக்கு உள்ள எல்லா நிறமும் உண்டு, அதோட செம்பு, வெண்கலம், நீலம் ஓடின வெளுப்பும் உண்டு. நீங்க எழுதினது சரி.

வில்லியனூர்: காட்டு நிழல்லயே வாழறவங்க வெளுத்துத்தானே போவாங்க?

காட்டு எல்ஃபுக்கு அதே புத்தகம் செம்பு நிறம், சில நேரம் பச்சைச் சாயல்னு சொல்லுது.

வில்லியனூர்: ஆனா படத்துல எல்லாம்...

படம் வரைஞ்சவர் இஷ்டம் அது, விதி இல்ல. நம்ம பிள்ளைங்க தன் நிறத்துல ஒரு வீரனை எழுத அனுமதி கேட்டு நிக்கக் கூடாது. இதுல நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். தோற்றம்னா நிறத்தோட நிறுத்தாதீங்க. வில்லாளியா? நாண் இழுக்கற விரல்ல காய்ப்பு இருக்கும், அதை எழுதுங்க.

பண்ருட்டி: கரிஸ்மா 8. சிடுமூஞ்சியாத்தான் ஆடணுமா?

இல்ல. கரிஸ்மாங்கறது மத்தவங்களை ஈர்க்கற திறனோட எண். 8-ன்னா அது சம்பந்தமா பகடை உருட்டறப்ப மைனஸ் 1, அவ்வளவுதான். கூச்சப்படற ஆளுக்கும் எட்டுதான்.

குறிஞ்சிப்பாடி: அப்பாவை வில்லன் கொன்னதா வெச்சா?

முதல் பதிலைப் படிங்க.

நெல்லிக்குப்பம்: குடும்பக் கதைக்கு நம்ம பக்கத்துலேர்ந்து எடுக்கலாமா?

தாராளமா. புதுச்சேரியில 1881-ல ஒரு ஆணை வந்தது. பரம்பரை வழக்கச் சட்டத்தை விட்டுட்டு பிரெஞ்சு சிவில் சட்டத்துக்கு மாறலாம். மாறினவங்க புதுக் குடும்பப் பேர் வெச்சுக்கிட்டாங்க. இதை அப்படியே மனுஷ ராஜ்ஜியத்துல வாழற ஒரு எல்ஃப் வீட்டுக்குள்ள கொண்டு போங்க. அண்ணன் புதுப் பேர்ல கையெழுத்துப் போட்டுட்டார், தம்பி மாட்டேன்னுட்டார். தங்கச்சி கல்யாணப் பத்திரிகையில எந்தப் பேர்? அந்தத் தங்கச்சிதான் உங்க கேரக்டர்னா, முதல் நாளே கோபமும் பாசமும் கையோட வந்துடும். குணத்தைத் தனியா தேட வேண்டாம்.

திருப்பாதிரிப்புலியூர்: என் கேரக்டர் அநாதை...

இன்னைக்கு மூணாவது. சோறு போட்டு வளர்த்தது யாருன்னு எழுதிட்டு வாங்க.

லாஸ்பேட்டை: கம்ப்யூட்டர் கேம்ல எல்ஃப் முகம் மாத்தறது எப்படி?

அது எனக்குத் தெரியாத வேலை. அந்த கேம் ஆடறவங்களைக் கேளுங்க.

முதுநகர்: அக்கா, அம்மாவை உயிரோட வெச்சுட்டேன். படகுத்துறையில வலை பின்றாங்க.

நல்லது தம்பி. கிளம்பறப்ப உன் கையில என்ன கட்டிக் கொடுத்தாங்க? கேரக்டர் விவரம் எழுதற ஷீட்ல உடைமைக் கட்டத்துல முதல் வரியா அதை எழுது.