மாமாவின் பியாங்கி

கேள்வி: மாமா வெளிநாட்டிலிருந்து கொண்டுவந்த பழைய பியாங்கி ரேஸ் சைக்கிள் பரணில் கிடந்தது. பெயின்ட் அங்கங்கே உரிந்து, ஃபோர்க்கின் குரோமில் துரு. பெடலைச் சுற்றினால் கரகரவென்கிறது. எல்லாவற்றையும் சுரண்டிப் புது பெயின்ட் அடிக்கலாம் என்கிறார் மெக்கானிக். செய்யலாமா?
– வாசகர், திருமங்கலம்

பதில்: ஐயோ, வேண்டவே வேண்டாம்! பச்சையும் நீலமும் கலந்த நிறம்தானே? அதற்கு செலஸ்தே என்று பெயர், 1885-ல் இத்தாலியின் மிலானில் தொடங்கிய அந்தக் கம்பெனியின் அடையாளமே அதுதான். சுரண்டினால் பழைய எழுத்துகளும் சேர்ந்து போய்விடும், அப்புறம் எத்தனை கோட் அடித்தாலும் திரும்பி வராது. குரோம் துருவுக்கு அலுமினியத் தாளைக் கசக்கி, தண்ணீரில் நனைத்து மெதுவாகத் தேயுங்கள், போதும்.

கரகர சத்தம் பெரும்பாலும் இரண்டு பெடல் கைகளையும் இணைக்கும் நடு அச்சின் பால்ரஸ் காய்ந்துபோனதுதான். கழற்றும்போதுதான் வம்பு. நம்மூர் சைக்கிளில் அந்த பால்ரஸைத் தாங்கும் கப், செயின் பக்கத்தில் இடது மரை, கடிகாரத் திசையில் சுற்றினால் கழலும். இத்தாலிய மரையில் இரண்டு பக்கமும் வலது மரை, அதனால் கடிகாரத்துக்கு எதிர்த் திசையில் சுற்ற வேண்டும். பழக்கதோஷத்தில் திருப்பினால் இன்னும் இறுகும், கொஞ்சம் முரட்டுக் கையாக இருந்தால் மரையே போய்விடும் (என் சைக்கிளுக்கு அப்படித்தான் ஆனது, செல்லூரில் ஒரு லேத் பட்டறையில் அரைநாள் உட்கார்ந்திருந்தேன்). கப்பில் 36×24 என்று வெட்டியிருக்கிறதா, அச்சு நுழையும் சட்டக் குழாயின் அகலம் 70 மில்லிமீட்டரா என்று முதலில் பாருங்கள், அப்படியென்றால் இத்தாலிய மரை. 68 என்றால் பெரும்பாலும் இங்கிலீஷ் மரை, மெக்கானிக் வழக்கம்போலக் கழற்றலாம்.

டயரை மட்டும் யோசிக்காமல் மாற்றிவிடுங்கள், பரண் வெயிலில் ரப்பர் வெடித்திருக்கும்.