கம்ப்யூட்டர் கேள்வி பதில்: பூவை எடுத்துட்டு நாரை விட்டுட்டீங்க

கேள்வி: என் மாமனாருக்கு 74 வயசு, ரிட்டயர்டு தமிழ் வாத்தியார். க்ளாக்கோமாவுல பார்வை ரொம்பக் கொறைஞ்சு போச்சு. பார்வையற்றோருக்கான ஒரு நூலகத்துல ஆடியோ புக் பென்டிரைவ்ல போட்டுக் கொடுத்தாங்க. உள்ள திறந்தா நூறு ஃபைல் கெடக்கு. அதுல எம்பி3 மட்டும் பொறுக்கி டெஸ்க்டாப்ல போட்டு ப்ளே பண்ணிக் கொடுத்தேன். ஆனா நேத்து விட்ட எடத்தை மறுநாள் கண்டுபிடிக்க முடியல, "அந்த நாலாவது அத்தியாயத்தை வைம்மா"ன்னு கேட்டா எனக்கும் தெரியல. தினம் இதுவே பஞ்சாயத்தா இருக்கு.
வாசகி, தஞ்சாவூர்

பதில்: பொறுக்கி எடுத்தீங்க பாருங்க, அங்கதான் கோளாறு. உங்ககிட்ட இருக்கிறது வெறும் பாட்டு ஃபைல் இல்ல, டெய்சி புத்தகம். 1996-ல ஆரம்பிச்ச டெய்சி கன்சார்ட்டியம்னு ஒரு அமைப்பு பார்வையில்லாதவங்களுக்காகவே உருவாக்கி வளர்த்த முறை அது. அந்த ஃபோல்டரை மறுபடி திறந்து பாருங்க. எம்பி3 கூடவே ஸ்மில்னு முடியுற குட்டிக் குட்டி ஃபைல் நெறைய இருக்கும், என்சிசின்னு ஒண்ணு தனியா இருக்கும். எம்பி3 பூன்னா ஸ்மில் நார். எந்த வாக்கியம் எந்த நொடியில ஆரம்பிக்குதுன்னு அதுலதான் எழுதியிருக்கு. என்சிசிங்கிறது பொருளடக்கம், அத்தியாயத் தலைப்பு, பக்க எண் எல்லாம் அங்க. நீங்க பூவை மட்டும் எடுத்துட்டு நாரைக் குப்பையில போட்டுட்டீங்க, அப்பறம் சரம் எப்படி நிக்கும்? (சில புத்தகத்துல என்சிசிக்குப் பதிலா ஓபிஎஃப்னு முடியுற ஃபைல் இருக்கும், அது டெய்சியோட புது வகை, பயப்பட வேணாம்.)

அதனால பென்டிரைவ்ல இருக்கிற ஃபோல்டரை ஒண்ணும் கலைக்காம, பேரைக்கூட மாத்தாம, அப்படியே கம்ப்யூட்டருக்கு காப்பி பண்ணுங்க. பிறகு தோரியம் ரீடர்னு ஒரு சாஃப்ட்வேர் இருக்கு, பாரிஸ்ல இருக்கிற ஈடிஆர்லேப் பண்றது, காசு கெடையாது, விண்டோஸ், மேக், லினக்ஸ் மூணுலயும் ஓடும். ஃபோல்டரை ஜிப் பண்ணி (அதாவது ஒரே ஃபைலாக் கட்டி) அதுல இம்போர்ட் கொடுத்தீங்கன்னா புத்தகம் அலமாரியில உக்காந்துரும். பொருளடக்கத்தைத் திறந்து நாலாவது அத்தியாயத்துல என்டர் தட்டினா நேரா அங்க போயிரும், மூடிட்டு மறுநாள் திறந்தா விட்ட எடத்துலயே நிக்கும், புக்மார்க்கும் வச்சுக்கலாம், வேகத்தைக் கூட்டலாம் கொறைக்கலாம். ஏமிஸ்னு பழைய சாஃப்ட்வேர் ஒண்ணை யாராவது சிபாரிசு பண்ணுவாங்க, அந்தக் காலத்துல நல்ல சாஃப்ட்வேர்தான், இப்ப அதுக்குப் புது வெர்ஷன் வர்றதில்ல, புதுசா ஆரம்பிக்கிறவங்களுக்கு வேணாம்.

எங்க பெரியப்பா கதையைச் சொல்லியே ஆகணும். அவருக்கு மலிவா ஒரு எம்பி3 ப்ளேயர் வாங்கிக் கொடுத்து துப்பறியும் நாவல் ஒண்ணை ஏத்திக் கொடுத்தேன். அந்த ப்ளேயர் ஃபைலை எழுத்து வரிசையில அடுக்கிருச்சு, அதாவது 1 முடிஞ்சதும் 10, 11, 12, அதுக்கப்பறம்தான் 2. மனுஷன் ரெண்டாவது தடவை உக்கார்ந்து கேக்கும்போதே கொலைகாரன் யாருன்னு தெரிஞ்சு போச்சு. ரெண்டு நாள் என்கூட சரியாப் பேசல. டெய்சின்னா இந்த வம்பு இல்ல.

இன்னொண்ணு, நீங்க கேக்கல, நானே சொல்றேன். ஒவ்வொரு தடவையும் நீங்க வந்து வச்சுக் கொடுக்கிற மாதிரி வச்சுக்காதீங்க. வாழ்நாள் பூரா பாடம் நடத்தினவருக்கு "கொஞ்சம் வந்து வைம்மா"ன்னு கூப்பிடுறதே ஒரு கஷ்டம். என்விடிஏ போட்டுக் கொடுங்க. ஸ்க்ரீன்ல இருக்கிறதைப் படிச்சுச் சொல்ற இலவச சாஃப்ட்வேர், 2006-ல ஆஸ்திரேலியாவுல மைக்கேல் கர்ரன் ஆரம்பிச்சது, அவரே பார்வையில்லாதவர். மவுஸை எடுத்து உள்ள வச்சுருங்க, எல்லாம் டேப், அம்புக்குறி, என்டர், ஸ்பேஸ் பார்தான். அதுக்கு உத்தரவு கொடுக்க மத்த கீகளோட சேர்த்து அமுக்குற கீக்கு என்விடிஏ கீன்னு பேரு. அது முதல்ல திறக்கும்போதே கேப்ஸ் லாக்கை என்விடிஏ கீயா வச்சுக்கவான்னு கேக்கும், லேப்டாப்பா இருந்தா சரின்னு டிக் போட்டுருங்க, ஏன்னா வழக்கமா அந்த வேலையைப் பார்க்கிறது இன்செர்ட் கீ, நெறைய லேப்டாப்ல அதைத் தேடுறதே பெரும்பாடு. கேப்ஸ் லாக், எஸ்கேப் ரெண்டுலயும் ஒரு ஸ்டிக்கர் பொட்டு ஒட்டுங்க, பாத்ரூம் கண்ணாடியில ஒட்டிக் கெடக்குமே அதுவே போதும். கல்லு வச்ச பொட்டுன்னா இன்னும் விசேஷம், விரலுக்கு நல்லாத் தட்டுப்படும்.

புத்தகக் குரலும் என்விடிஏ குரலும் ஒரே நேரத்துல பேசி மண்டை காயும், மொத நாளே இந்தப் புகார் வரும் பாருங்க. என்விடிஏ கீ, ஷிஃப்ட், டி மூணையும் சேர்த்து அமுக்கினா ஆடியோ டக்கிங் மாறும். "பேசும்போது மட்டும்"ங்கிற அர்த்தத்துல வர்றதுல நிறுத்துங்க. என்விடிஏ வாயைத் திறந்தா புத்தகத்துச் சத்தம் தானா தணிஞ்சு பிறகு ஏறும். ஆனா என்விடிஏவை முறையா இன்ஸ்டால் பண்ணியிருந்தாதான் இது வேலை செய்யும், பென்டிரைவ்லேர்ந்து ஓட்டினா வராது.

கேள்வி: என்விடிஏ தமிழை ரோபோ மாதிரி படிக்குது. நல்ல குரலே கெடையாதா?
வாசகர், நாகர்கோவில்

பதில்: நீங்க கேக்கிறது என்விடிஏ கூடவே வர்ற ஈஸ்பீக் குரலா இருக்கும். விண்டோஸ் 10, 11-ல செட்டிங்ஸ் போய் டைம் அண்ட் லாங்குவேஜ், அதுக்குள்ள ஸ்பீச், அங்க ஆட் வாய்சஸ்ல தமிழ் இந்தியாவைச் சேருங்க. வள்ளுவர்ங்கிற பேருல ஒரு குரல் எறங்கும். (பேரு வச்சவருக்கு ஒரு சபாஷ்.) பிறகு என்விடிஏ கீ, கன்ட்ரோல், எஸ் அமுக்கி விண்டோஸ் ஒன்கோர்னு (அதாவது விண்டோஸோட சொந்தக் குரல்களுக்கு) மாத்திட்டு, வாய்ஸ் லிஸ்ட்ல அவரைப் புடிங்க. காதுக்கு இதமாத்தான் இருக்கும். ஆனா ஈஸ்பீக்கை ஒரேயடியாத் திட்டாதீங்க. எவ்வளவு வேகம் வச்சாலும் சொல் தெளிவா விழும், பல வருஷமா கேக்குறவங்க அதைத்தான் விடாம வச்சிருக்காங்க. கதை கேக்க வள்ளுவர், வேலை பார்க்க ஈஸ்பீக், என் கணக்கு அதுதான்.

கேள்வி: பழைய கட்டுரை ஒண்ணு வேர்ட் ஃபைல்ல இருக்கு. கண்ணுக்குத் தமிழாத் தெரியுது, என்விடிஏ மட்டும் சம்பந்தமில்லாத இங்கிலீஷ் எழுத்தா படிக்குது. ஏன்?
வாசகர், மட்டக்களப்பு

பதில்: பாமினி ஃபான்டுல அடிச்சிருப்பாங்க. உள்ள இருக்கிறது இங்கிலீஷ் எழுத்துதான், தமிழ் வேஷம் போட்டிருக்கு, என்விடிஏ வேஷத்தைப் பார்க்காது. நெசமான தமிழ் எழுத்தா சேமிக்கிற யூனிகோடு முறைக்கு மாத்துற கன்வர்ட்டர் இன்டர்நெட்ல இலவசமாக் கெடைக்குது, ஒரு நிமிஷ வேலை. இந்தத் தொல்லையே இல்லாம படிக்கணும்னா மதுரைத் திட்டம் பக்கம் போங்க, 1998 பொங்கல்லேர்ந்து தன்னார்வலர்கள் சங்க இலக்கியத்துலேர்ந்து எவ்வளவோ தட்டச்சு பண்ணிப் போட்டிருக்காங்க, யூனிகோடு ஃபைலை எடுத்தீங்கன்னா என்விடிஏ நல்லாப் படிக்கும்.

கேள்வி: நண்பர் ஒருத்தர் புதுப் புத்தகத்தையெல்லாம் ஸ்கேன் பண்ணி ஆடியோவாக்கி வாட்ஸ்அப்ல அனுப்புறார். பார்வையில்லாதவங்களுக்குன்னு சொல்றார். சட்டப்படி சரியா?
வாசகர், திருச்சி

பதில்: படிக்க முடியாதவங்களுக்காகன்னா சட்டம் எடம் கொடுக்குது, 2012-ல பதிப்புரிமைச் சட்டத்தைத் திருத்தி 52-வது பிரிவுல சேர்த்தாங்க. இதே விஷயத்துக்கான மராகேஷ் ஒப்பந்தத்தை 2014-ல உலகத்துலயே மொதல்ல உறுதி செஞ்சதும் இந்தியாதான். ஆனா உங்க நண்பர் குரூப்ல இருக்கிற இருநூறு பேருல எத்தனை பேருக்குப் பார்வை இல்ல? எல்லாருக்கும் அனுப்பினா அது திருட்டுதான், பேரு என்ன வேணா வச்சுக்கலாம். நெசமாவே தேவைப்படுறவங்க சுகம்ய புஸ்தகாலயால சேரலாம், 2016-ல ஆரம்பிச்ச ஆன்லைன் நூலகம். பார்வைக் குறைபாடுதான் இருக்கணும்னு இல்ல, டிஸ்லெக்சியாங்கிற வாசிப்புக் குறைபாடு இருக்கிறவங்க, கையில புத்தகத்தைப் புடிக்க முடியாதவங்களும் சேரலாம்.

கேள்வி: என்விடிஏ வாயை எப்படி மூடுறது? போன் வந்தாக்கூட விடாம பேசுது.
வாசகி, சேலம்

பதில்: கன்ட்ரோல் கீ, ஒரே தட்டு.