பழைய சிஸ்டம், புது காலம்: கம்ப்யூட்டர் கேள்வி பதில்

விண்டோஸ் 10-க்கு மைக்ரோசாஃப்ட் 2025 அக்டோபர் 14-ஆம் தேதி ஆதரவை நிறுத்தியதிலிருந்து என் சர்வீஸ் கடைக்கு வருகிறவர்கள் எல்லோரிடமும் ஒரு பயம் தெரிகிறது. எழுதிக் கேட்டவர்களுக்கும் சேர்த்து இங்கே பதில் சொல்கிறேன்.

செந்தில், ஈரோடு: அண்ணா, கம்ப்யூட்டர் காலமே முடிந்துவிட்டது என்கிறார்களே, உண்மையா?

விற்பனை குறைந்தது உண்மை. 2011-ல் உலகம் முழுக்க 35 கோடிக்கும் மேல் பிசி விற்றது. 2018-ல் அது சுமார் 26 கோடி. கொரோனா சமயத்தில் ஆன்லைன் வகுப்பு, வீட்டிலிருந்து வேலை என்று 2021-ல் 34 கோடி வரை ஏறி, அடுத்த இரண்டே வருடத்தில் மறுபடி சரிந்தது. இணையம் பார்ப்பதில் 2017 மார்ச்சிலேயே ஆண்ட்ராய்டு விண்டோஸை முந்திவிட்டது என்று, இணையப் பயன்பாட்டைக் கணக்கெடுக்கும் ஸ்டாட்கவுன்டர் சொன்னது. நம் ஊரில் 2016 செப்டம்பரில் ஜியோ வந்து டேட்டா மலிவானதும், பிளஸ் டூ ரிசல்ட்டுக்கும் ரயில் டிக்கெட்டுக்கும் பிரவுசிங் சென்டர் வாசலில் நின்ற கூட்டம் போனுக்குப் போய்விட்டது.

ஆனால் விற்பனை குறைந்ததற்கு இன்னொரு காரணமும் உண்டு, அதை யாரும் அவ்வளவாகச் சொல்வதில்லை. இப்போது சிஸ்டம் நீண்ட நாள் உழைக்கிறது. 2000-களில் மூன்று வருடத்தில் மெஷின் திணற ஆரம்பித்துவிடும். 2015-ல் வாங்கியதில் பழைய ஹார்டு டிஸ்க்குக்குப் பதில் வேகமான எஸ்எஸ்டி போட்டால் இன்றைக்கும் கணக்கு எழுதலாம், கடிதம் அடிக்கலாம். ஊர் நகரமானால் லாரி குறைந்து கார் பெருகும், பிசியும் அந்த லாரி மாதிரி ஆகிவிடும் என்று 2010-லேயே ஆப்பிளின் ஸ்டீவ் ஜாப்ஸ் சொன்னார். சுமை இருக்கிறவனுக்கு லாரி வேண்டும். உனக்கு என்ன சுமை என்பதுதான் கேள்வி.

பிரவீன், திண்டுக்கல்: போனிலேயே கோடிங் கற்றுக்கொள்ளலாமா?

பாடம் கேட்கலாம், சின்ன புரோகிராம் ஓட்டிப் பார்க்கலாம். வேலைக்குப் போகிற அளவுக்குப் பழக கீபோர்டு வேண்டும், தம்பி. விண்டோஸுக்குப் பதில் இலவசமான லினக்ஸ் போட்ட பழைய லேப்டாப் போதும்.

ரமேஷ், விருதுநகர்: கடை சிஸ்டம் இன்டெல் ஆறாம் தலைமுறை ஐ3 பிராசசர். கணக்கு எழுத டாலி ஓட்டுகிறேன். விண்டோஸ் 11 ஏறவில்லை. தூக்கிப் போட வேண்டியதுதானா?

வேண்டாம். விண்டோஸ் 11-க்கு டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு சிப் வேண்டும், இன்டெல் என்றால் பொதுவாக எட்டாம் தலைமுறையோ அதற்கு மேலோ இருக்க வேண்டும். ஐ5-8250 என்று இருந்தால் கோட்டுக்குப் பிறகு வரும் 8-தான் தலைமுறை. உங்களுடையது 6, அதனால் ஏறாது. குறுக்கு வழியில் ஏற்றித் தருகிறேன் என்று யாராவது சொன்னால், கணக்கு இருக்கிற மெஷினில் அதைச் செய்யாதீர்கள்.

விண்டோஸ் 10-க்கு 2026 அக்டோபர் 13 வரை பாதுகாப்பு அப்டேட் நீட்டிப்பு உண்டு. மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைந்து, செட்டிங்ஸில் அப்டேட் பக்கத்தில் பதிவு செய்துகொள்ளுங்கள். அதற்குள் புது சிஸ்டத்துக்குப் பணம் சேருங்கள். டாலிக்கு விண்டோஸ் வேண்டும் என்பதால் உங்களுக்கு லினக்ஸ் சொல்லமாட்டேன். பிரவுசரும் மெயிலும் மட்டும் பார்க்கிறவர்கள் தாராளமாக லினக்ஸ் மின்ட் போடலாம்.

மேரி, தஞ்சாவூர்: மகன் பி.காம் சேர்கிறான். டேப்லெட்டா, லேப்டாப்பா?

லேப்டாப், அம்மா. எக்செல் ஷீட்டை விரலால் தடவி யாரும் கற்றதில்லை. ரேம் 8 ஜிபிக்குக் குறையக் கூடாது, கையில் காசிருந்தால் 16. ஏஐ சர்வர்கள் மெமரியை அள்ளிக்கொண்டு போவதால் 2025 கடைசியிலிருந்து ரேம், எஸ்எஸ்டி விலை ஏறியிருக்கிறது. குருஷியல் பெயரில் ரேம், எஸ்எஸ்டி விற்றுவந்த மைக்ரான், சில்லறைச் சந்தையிலிருந்தே விலகுவதாக அந்த டிசம்பரில் அறிவித்தது. அதனால் அப்புறம் ரேம் போட்டுக்கொள்ளலாம் என்று நினைத்து 4 ஜிபி மெஷின் வாங்காதீர்கள். கல்லூரி மாணவர்கள் 20 லட்சம் பேருக்கு லேப்டாப் அல்லது டேப்லெட் தருவதாகத் தமிழக அரசு 2025 மார்ச் பட்ஜெட்டில் அறிவித்திருக்கிறது. கல்லூரி அலுவலகத்தில் ஒரு வார்த்தை விசாரித்துவிட்டுப் பணத்தை எடுங்கள்.

ஓய்வுபெற்ற ஆசிரியர், காரைக்குடி: தினம் ஒன்று புதிதாக வருகிறது. எதைக் கற்பது, எதை விடுவது?

சார், பாதிக்கு மேல் விட்டுவிடலாம். மூன்று விஷயம் மட்டும் விடாதீர்கள். போட்டோ, பத்திர ஸ்கேன் எல்லாவற்றுக்கும் வேறொரு டிஸ்க்கில் நகல், மெயிலுக்கும் வங்கிக்கும் இரண்டடுக்குப் பூட்டு (பாஸ்வேர்டுக்கு மேல் இன்னொரு சரிபார்ப்பு), தமிழ் 99 கீபோர்டு முறையில் தட்டச்சு. முன்பின் தெரியாதவர் போனில் ஓடிபி கேட்டால், அவர் எந்த அதிகாரி பெயரைச் சொன்னாலும் வைத்துவிடுங்கள். ஏஐ எல்லாம் உங்களுக்கு ஒரு தேவை வரும்போது பேரப்பிள்ளையிடம் உட்கார்ந்து கேட்டால் ஒரு மாலையில் பிடிபடும்.

முருகேசன், சிவகாசி: அச்சகத்தில் இன்னும் விண்டோஸ் எக்ஸ்பி, பக்கம் வடிவமைக்கப் பேஜ்மேக்கர்தான். பழைய காலண்டர், நோட்டீஸ் எல்லாம் அதில். மெஷின் நின்றால் என்ன செய்வது?

அண்ணாச்சி, இந்தக் கேள்விதான் என்னை ரொம்பக் கவலைப்பட வைக்கிறது. பேஜ்மேக்கரின் கடைசிப் பதிப்பு 7.0, வந்தது 2001-ல். எக்ஸ்பிக்கு 2014 ஏப்ரலில் ஆதரவு நின்றது. அதை விடப் பெரிய சிக்கல் எழுத்துரு. வானவில், பாமினி போன்ற பழைய எழுத்துருக்களில் அடித்த தமிழ், உள்ளே ஆங்கில எழுத்துகளின் இடத்தில்தான் உட்கார்ந்திருக்கிறது. அந்த எழுத்துரு இல்லாத மெஷினில் திறந்தால் வெறும் ஆங்கிலக் கிறுக்கல். நம் ஊர் அச்சகங்களில் இப்படி எத்தனை மலர்கள், எத்தனை கோயில் வரலாறுகள் அடைபட்டுக் கிடக்கின்றன!

முதல் வேலை, அந்த ஹார்டு டிஸ்க்கை அப்படியே இரண்டு நகல் எடுங்கள், எழுத்துரு ஃபோல்டரோடு. எக்ஸ்பி மெஷினை இணையத்திலிருந்து கழற்றிவிடுங்கள். பேஜ்மேக்கரின் இடத்துக்கு வந்த இன்டிசைனின் புதிய பதிப்புகள் பேஜ்மேக்கர் ஃபைலைத் திறக்காது. அதனால் மெஷின் ஓடும்போதே பேஜ்மேக்கரிலிருந்து மேட்டரை டெக்ஸ்டாக எக்ஸ்போர்ட் செய்து, என்எச்எம் கன்வெர்ட்டர் மாதிரி ஒன்றில், எந்த மெஷினிலும் தமிழாகவே தெரியும் யூனிகோடாக மாற்றுங்கள். மாற்றியதைக் கண்டிப்பாக ஒருவர் புரூஃப் பார்க்க வேண்டும். கொம்பும் காலும் சில இடத்தில் இடம் மாறும். புது வேலைகளை இன்டிசைனில் செய்யும்போது, தமிழ் எழுத்துகள் சரியாகச் சேர, வேர்ல்டு-ரெடி கம்போசர் என்ற அமைப்பைத் தேர்ந்தெடுங்கள். காசு கொடுக்க இயலாவிட்டால் இலவசமான ஸ்க்ரைபஸ் 1.6 தமிழைச் சரியாகக் காட்டுகிறது.

எல்லாவற்றையும் ஒரே மூச்சில் மாற்றப் பார்க்காதீர்கள். வருடா வருடம் திரும்ப வரும் ஆர்டர்களில் தொடங்குங்கள். டிஸ்க் நகல் மட்டும் இந்த வாரமே எடுத்துவிடுங்கள்.