வெளிநாட்டில் மிஷனரியாக இருந்துவிட்டு ஊருக்குத் திரும்பி வந்தால் எப்படி இருக்கும்?

கேட்டவர் கூடவே இன்னும் இரண்டு கேட்டிருக்கிறார்: "அங்கே போய் உண்மையில் என்ன செய்கிறீர்கள்? மறுபடி போக மனம் வருமா?" மூன்றுக்கும் சேர்த்தே சொல்கிறேன்.

எனக்குத் தூத்துக்குடி மாவட்டத்துக் கடற்கரை ஊர். அப்பா கடலுக்குப் போகிறவர், அம்மா மீன் விற்கிறவர். குருப்பட்டம் வாங்கிய மறு ஆண்டு, 2022இல், எங்கள் துறவற சபை என்னை ஆஸ்திரேலியாவுக்கு வடக்கே உள்ள பாப்புவா நியூ கினியின் மலைநாட்டுக்கு அனுப்பியது. மூன்று வருடம் கழித்து இப்போது முதல் விடுமுறையில் வந்திருக்கிறேன்.

வந்த முதல் வாரத்தில் எதிர்ப்பட்டவர்கள் கேட்டதெல்லாம் இரண்டே கேள்வி. "டாலர்லதான் சம்பளமா சாமி?" அப்புறம், கொஞ்சம் குரலைத் தாழ்த்தி, "அங்க மனுசன மனுசன் திம்பானாமே?" முதல் கேள்விக்குப் பதில் எளிது. அங்கே நாணயம் கினா. பங்கில், அதாவது என் பொறுப்பில் உள்ள கோயில் வட்டாரத்தில், காணிக்கை பெரும்பாலும் சர்க்கரைவள்ளிக் கிழங்காக வரும், திருவிழா என்றால் பன்றியாக வரும். இரண்டாவது கேள்விக்கு முதலில் சிரித்தேன், பிறகு எரிச்சல் வந்தது, இப்போது "இல்ல, என்னைய நல்லா திங்க வச்சாங்க" என்று சொல்லப் பழகிவிட்டேன்.

ஒரு ஞாயிறு பூசை முடிந்ததும் படம் போட்டுப் பேசச் சொன்னார்கள். பேசப் போகும்முன் பெரியவர் ஒருவர் காதருகில் வந்து, "கொஞ்சம் உருக்கமாச் சொல்லுங்க சாமி, உண்டியல் நல்லா விழும்" என்றார். அவர் நல்ல எண்ணத்தில்தான் சொன்னார். ஆனால் உருக்கமாகச் சொல்ல வேண்டுமென்றால் கால் செருப்பில்லாத குழந்தையின் படத்தைப் போட வேண்டும். அந்தக் குழந்தையை எனக்குத் தெரியும். நான் சேற்றில் வழுக்கி விழும்போதெல்லாம் விழுந்து விழுந்து சிரிக்கிற போக்கிரி அவன். அவனுக்கு நான்தான் பரிதாபம். அந்தப் படத்தை நான் போடவில்லை. உண்டியலும் சுமாராகத்தான் விழுந்தது.

என்ன செய்கிறீர்கள் என்ற கேள்விக்கு வருகிறேன். பாப்புவா நியூ கினியில் நூற்றுக்குத் தொண்ணூறுக்கும் மேற்பட்டவர்கள் ஏற்கெனவே கிறிஸ்தவர்கள். "அப்போ யாரை மாத்தப் போனே?" என்று என் கல்லூரி நண்பன் கேட்டான். நியாயமான கேள்விதான். யாரையும் மாற்ற நான் போகவில்லை. அங்கே குருக்கள் போதாது. ஒரு பங்கு என்றால் அதற்குக் கீழே மலைக்கு ஒன்றாகச் சிதறிக் கிடக்கும் கிளைக் கோயில்கள். வண்டி ஒரு தூரம் வரை போகும், மீதி நடை. மாதத்தில் ஒருநாள் என் முகத்தைப் பார்த்தாலே பெரிது. மற்ற நாட்களில் ஜெபம் சொல்வது, நோயாளியைப் பார்ப்பது, சண்டை விலக்குவது, செத்தவரைப் புதைப்பது எல்லாம் குருவல்லாத உபதேசியார்தான். நம் பக்கத்தில் தாத்தா காலத்தில் உபதேசியார் இருந்த அதே இருப்பு.

அந்த நாட்டின் முதல் புனிதரும் ஓர் உபதேசியார்தான். ராக்குனாய் ஊர்க்காரர் பீட்டர் தோ ரோட். மனைவி மக்கள் உள்ளவர். ஜப்பானியர் ஆட்சியில் குருக்களையெல்லாம் பிடித்து அடைத்துவிட்ட பிறகு, மக்களை நடத்தியவர். பலதார மணம் திரும்ப வந்தபோது எதிர்த்துப் பேசினார். 1945இல் சிறையில் வைத்துக் கொன்றார்கள். 2025 அக்டோபர் 19 அன்று ரோமில் அவரைப் புனிதராக அறிவித்தார்கள். நான் போன 2022ஆம் ஆண்டு மே மாதம்தான் நம் கன்னியாகுமரிப் பக்கத்துத் தேவசகாயம் பிள்ளைக்கு அந்தப் பட்டம் கிடைத்திருந்தது. அவரும் குருவல்ல, குடும்பஸ்தர். மலைக் கோயிலில் இதைச் சொன்னபோது ஒரு தாத்தா, "அப்படியானால் உங்கள் ஊரிலும் எங்கள் ஊரிலும் ஃபாதர்மார் இல்லாமலே காரியம் நடந்திருக்கிறது" என்றார். அதற்கு நான் பதில் சொல்லவில்லை.

மொழியைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும், எனக்கு அங்கே பிடித்ததே அதுதான். அந்த நாட்டில் எண்ணூறுக்கும் மேல் மொழிகள். எல்லோருக்கும் பொதுவாக டோக் பிசின். கேட்டால் ஆங்கிலத்தைச் சாய்த்துப் பேசுவதுபோல இருக்கும், ஏமாந்துவிடக் கூடாது. நான் போன புதிதில் ஒரு பெண் வந்து, "மேன் பிலோங் மி கிலிம் மி" என்று அழுதார். கணவன் என்னைக் கொன்றுவிட்டான் என்று எனக்கு விழுந்தது. கொன்றுவிட்டான் என்றால் எதிரே நிற்பது யார்? 'கிலிம்' என்றால் அங்கே அடிப்பது. கொல்வதற்கு இன்னும் இரண்டு சொல் சேர்க்க வேண்டும். சிரிப்பாகச் சொல்ல ஆரம்பித்தேன், ஆனால் அந்த வாக்கியத்தை அங்கே நிறையப் பெண்கள் வாயிலிருந்து கேட்டுவிட்டேன். அதனால் சிரிப்பு இப்போது வருவதில்லை.

தமிழன் என்பதால் சில இடங்களில் எனக்கு லாபம். கோபம், துக்கம், நிம்மதி எல்லாம் அவர்களுக்கு வயிற்றில்தான் இருக்கிறது. 'பெல்ஹாட்' என்றால் வயிறு சூடாவது, அதாவது கோபம். 'பெல் இசி' என்றால் வயிறு ஆறியிருப்பது, அதாவது சமாதானம். மனந்திரும்புவது 'தனிம் பெல்', வயிற்றைத் திருப்புவது. வயிறு எரிகிறது, பெற்ற வயிறு துடிக்கிறது என்று கேட்டு வளர்ந்தவனுக்கு இதில் கஷ்டம் என்ன?

அப்புறம் 'யூமி', 'மிபேலா'. கேட்கிறவரையும் சேர்த்துச் சொன்னால் யூமி, அவரை விட்டுச் சொன்னால் மிபேலா. நம் 'நாம்', 'நாங்கள்' போலவே. என்னோடு இருந்த ஐரோப்பியக் குரு ஒருவருக்கு இது இருபது வருடத்துக்குப் பிறகும் சிலசமயம் தவறும். கடவுளிடம் பேசும்போது யூமி என்று சொல்லிவிட்டால் கடவுளையும் பாவிகள் கூட்டத்தில் சேர்த்ததாகிவிடும். 'பாப்பா பிலோங் மிபேலா' என்று அவர்கள் தொடங்கும்போது 'எங்கள் தந்தையே' என்று என் காதில் அப்படியே விழும்.

சாப்பாடு: கிழங்கு, கீரை, கிழங்கு. மலைமேல் கடல் மீன் ஏது? கடைகளில் டின் மீன்தான். மீனவன் மகன் மூன்று வருடம் டின் மீன் தின்றேன் என்று சொன்னபோது அப்பா முகம் போன போக்கு!

நான் அங்கே இருக்கும்போது எங்கள் ஆச்சி இறந்துபோனார். என்னைத் தூக்கி வளர்த்தவர். தங்கை அழைத்தபோது அங்கே மாலை, இங்கே மதியம் கழிந்த நேரம். நாலரை மணி நேர வித்தியாசம். மலைநாட்டிலிருந்து தலைநகர் போர்ட் மோர்ஸ்பிக்குச் சாலையே கிடையாது, விமானம்தான். அங்கிருந்து சிங்கப்பூர், அங்கிருந்து சென்னை. எப்படிப் பார்த்தாலும் அடக்கத்துக்கு வந்து சேர முடியாது. தம்பி வாட்ஸ்அப்பில் காட்டினான். கோயில் வாசல் வரை தெரிந்தது. கல்லறைத் தோட்டத்துக்குப் போகும் வழியில் படம் உறைந்துவிட்டது. குடை ஒன்று, யாரோ ஒருவர் தோள், அவ்வளவுதான்.

நான் யாரிடமும் சொல்லவில்லை. சமையலுக்கு உதவும் பையனிடம் மட்டும், "இன்று சாப்பாடு வேண்டாம், என் புபு இறந்துவிட்டார்" என்றேன். அங்கே பாட்டியும் புபு, பேரனும் புபு. ஒரே சொல்லால்தான் ஒருவரையொருவர் கூப்பிட்டுக்கொள்வார்கள்.

விடிவதற்குள் பங்கு வீட்டு முற்றத்தில் கூட்டம். தார்ப்பாய் கட்டியாகிவிட்டது, நடுவில் நெருப்பு. பெண்கள் முகத்திலும் கையிலும் களிமண் பூசிக்கொண்டு வந்து என்னைச் சுற்றி உட்கார்ந்து அழத் தொடங்கினார்கள். 'ஹவுஸ் க்ராய்' என்பார்கள், அழுகை வீடு. எங்கள் தெருவைக்கூடப் பார்த்திராத ஆட்கள், ஆச்சியின் பெயரைக் கேட்டு, அதைத் தங்கள் நாக்குக்கு ஏற்றபடி திருப்பி, ராகம் போட்டு அழுதார்கள். ஒப்பாரியேதான். ஒரு தாய் நடுவில் நிறுத்தி, "உன் புபு என்ன செய்வார்?" என்று கேட்டார். மீன் விற்றார், வெற்றிலை போடுவார் என்றேன். உடனே அதுவும் பாட்டுக்குள் போய்விட்டது. மறுநாள் ஒருவர் கடற்கரைப் பக்கத்திலிருந்து வந்த பச்சைப் பாக்கைச் சீப்புச் சீப்பாகக் கொண்டுவந்து நெருப்பருகே வைத்தார். அங்கே வெற்றிலைக்குப் பதில் அந்தக் கொடியின் காயைச் சுண்ணாம்பில் தொட்டுக் கடிப்பார்கள். முன்பு ஒருதடவை போனில் இதைச் சொன்னபோது ஆச்சி, "எலைய விட்டுட்டுக் காயத் திங்கிறானுவளா, கிறுக்குப் பயலுவ" என்று சிரித்தது ஞாபகம் வந்தது. அப்போதுதான் எனக்கு அழுகை வந்தது. அதுவரை வரவில்லை.

நாலு நாள் நடந்தது. கிழங்கு, அரிசி, டின் மீன், ஒரு பன்றி, எல்லாம் அவர்களுடையது. நான் ஒன்றும் செய்யவில்லை, சும்மா உட்கார்ந்திருந்தேன்.

குருமடத்தில் எனக்கு எத்தனையோ வருடம் கற்றுக்கொடுத்தது கொடுப்பதைப் பற்றி. வாங்கிக்கொண்டு உட்கார்ந்திருப்பதற்குப் பாடம் எதுவும் இல்லை.

சரி, எல்லாம் தேனும் பாலும் என்று நினைக்க வேண்டாம். யாராவது திடீரென்று செத்தால் சூனியம் வைத்தார்கள் என்று ஒரு பெண்ணைப் பிடிப்பார்கள். 2013இல் மலைநாட்டு நகரமான மவுண்ட் ஹாகனில் இளம் தாய் ஒருவரைப் பலர் பார்க்க எரித்தார்கள். சூனியத்தைக் காரணம் காட்டித் தண்டனையைக் குறைக்க இடம் கொடுத்த பழைய சட்டம் அதன் பிறகுதான் நீக்கப்பட்டது. எங்கள் பகுதியிலும் ஒரு விதவையைப் பற்றிப் பேச்சுக் கிளம்பி, உபதேசியாரும் அவர் மனைவியும் அந்த அம்மா வீட்டு வாசலில் பல இரவு படுத்துக் கிடந்தார்கள். நான் இரண்டு இரவு கூட இருந்தேன். பயந்துகொண்டுதான் இருந்தேன்.

இதை இங்கே சொன்னால் "காட்டுமிராண்டிங்க" என்கிறார்கள். சொல்கிற அதே ஆள் போன மாதம் செய்வினை எடுக்க எங்கேயோ போய் வந்தவர். குலத்துக்குக் குலம் சண்டை, பிறகு பன்றி கொடுத்துச் சமாதானம் என்று விளக்கினால், மாமா, "அதான் நமக்கும் பக்கத்து ஊருக்கும் வலைத் தகராறு. நாம பன்னி குடுக்கிறதில்ல, வக்கீலுக்குக் குடுக்கிறோம்" என்றார். சாதிக்கொரு கல்லறைத் தோட்டம் வைத்திருக்கும் ஊர்கள் நம்மிடம் இன்னும் இருக்கின்றன. நானூற்றைம்பது வருடத்துக்கு மேலாகக் கிறிஸ்தவர்கள் நாம். அந்த மலைநாட்டுக்குக் கத்தோலிக்க மிஷனரிகள் முதலில் போனது 1930களில்தான். யாருக்கு யாரை அனுப்ப வேண்டும் என்று எனக்கு இப்போது குழப்பம் உண்டு.

வீட்டில் சின்னச் சின்ன மாற்றங்கள். அம்மாவுக்கு என்னை 'எய்யா' என்பதா 'சாமி' என்பதா என்ற திண்டாட்டம் இன்னும் தீரவில்லை. ஆள் இருந்தால் சாமி, இல்லாவிட்டால் எய்யா. போன வாரம் மழை பெய்தபோது நான், "எங்க ஊர்ல இதெல்லாம் ஒரு மழையா" என்று சொல்லிவிட்டேன். அம்மா மீன் அரிந்துகொண்டிருந்த கையை நிறுத்தி, "எங்க ஊரா? எந்த ஊருய்யா?" என்றார். நான் சமாளிக்கப் பார்த்தேன். அவர் மேற்கொண்டு கேட்கவில்லை, ஆனால் அன்று கொஞ்சம் அதிகமாகவே குழம்பு ஊற்றினார்.

போவீர்களா என்றால், போகிறேன். பிப்ரவரியில் டிக்கெட்.

கிளம்பும்போது, ஆச்சிக்காகப் பாட்டெடுத்த அந்தத் தாய் தன் கையால் முடைந்த பிலும் பை ஒன்றை அம்மாவுக்கென்று கொடுத்துவிட்டார். நெற்றியில் வாரை மாட்டி முதுகில் தொங்கவிடும் நூல்பை அது. கிழங்கும் அதில்தான், கைக்குழந்தையும் அதில்தான். அம்மா ஒருநாள் நெற்றியில் மாட்டிப் பார்த்துவிட்டு, கழுத்து வலிக்கிறது என்று தோளுக்கு மாற்றி, இப்போது சந்தைக்குக் கொண்டுபோகிறார். முழுக்கக் கருவாட்டு வாடை. வாங்கிக்கொண்டு சும்மா இருந்தால் நன்றாக இருக்காது என்று பதிலுக்கு ஒரு சுங்குடிச் சேலை எடுத்து வைத்திருக்கிறார். அந்த அம்மா குட்டையா நெட்டையா என்று நேற்றிலிருந்து கேட்டுக்கொண்டே இருக்கிறார்.