கர்ப்ப காலத்தில் ஆடாதோடைக் கஷாயம் குடிக்கலாமா?

வணக்கம் சகோதரி. தில்லியின் புகைமூட்டத்தால் மூன்று வாரமாக இருமல் விடவில்லை என்றும், ஊரிலிருந்து மாமியார் அனுப்பிய ஆடாதோடை இலையை நான்காம் மாதக் கர்ப்பத்தில் கஷாயமாகக் குடிக்கலாமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். தயவுசெய்து குடிக்காதீர்கள்.

ஆடு தொடாத இலை என்பதால் இப்பெயர் வந்தது என்பார்கள், அத்தனை கசப்பு. இலையிலுள்ள வாசிசின், வாசிசினோன் என்னும் ஆல்கலாய்டுகளே (தாவர வேதிப்பொருள்களே) சளியை இளக்கி மூச்சுக்குழாயைத் தளர்த்துகின்றன. வாசிசினை அடிப்படையாகக் கொண்டே புரோம்ஹெக்சின் என்ற மருந்து உருவாக்கப்பட்டது. அது உடலுக்குள் மாற்றமடைந்து கிடைக்கும் பொருளே இன்று பல இருமல் மருந்துகளில் உள்ள அம்ப்ராக்சால். ஆகவே உங்கள் மாமியாரின் நம்பிக்கைக்கு நல்ல காரணம் உண்டு.

ஆனால் அதே வாசிசின் கருப்பையையும் சுருங்கச் செய்யக்கூடியது. கஷாயத்தில் அது எவ்வளவு இறங்கும் என்பது இலையின் முதிர்ச்சி, உலர்த்திய விதம், கொதித்த நேரம் ஆகியவற்றைப் பொறுத்து மாறுவதால், கொஞ்சமாகக் குடித்தால் போதும் என்ற ஆறுதலுக்கு இங்கே இடமில்லை. தில்லி ரிட்ஜ் காட்டில் இதே செடி புதராக மண்டிக் கிடக்கிறது. அக்கம்பக்கத்தார் அதன் இந்திப் பெயரான அடூசா என்று சொல்லிப் பறித்துத் தந்தாலும் மறுத்துவிடுங்கள்.

மூன்று வார இருமலை மகப்பேறு மருத்துவரிடம் இந்த வாரமே காட்டுங்கள். அம்ப்ராக்சாலையும் அவரைக் கேட்காமல் வாங்க வேண்டாம். ஏற்கெனவே கஷாயம் குடித்திருந்தால் அதையும் மறைக்காமல் சொல்லுங்கள். வயிற்றுவலியோ உதிரப்போக்கோ இருந்தால் உடனே மருத்துவமனைக்குச் செல்லுங்கள்.